இந்த ஞாயிறு உங்கள் அன்பியத்தின் முறையா? செய்யக்கூடாத சில

போன ஞாயிறு ஏழு மணிப் பூசைக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் மணி அடித்தாயிற்று. இன்னொரு அன்பியத்தின் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) புதுப் பொறுப்பாளர், முப்பது வயதுகூட இருக்காது, படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் கையில் வாசகத் தாளை, அதாவது பூசையில் வாசிக்கிற விவிலியப் பகுதி உள்ள தாளை, திணித்து, "அக்கா, ரெண்டாம் வாசகம் நீங்கதான்" என்றார். அந்த அக்கா முழித்த முழி எனக்குப் பழக்கமானது. பதினொரு வருடத்துக்கு முன் அதே வாசலில் அதே வேலையை நானும் செய்தேன்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த மக்களிடையே, பதினான்கு அன்பியங்கள். ஞாயிறு வழிபாட்டை முறை வைத்து நடத்துகிறோம். ஒரு அன்பியத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை முறை வரும். போனமுறை செய்த தவறு சுத்தமாக மறந்துபோக அந்த இடைவெளி போதும்.

வேகமாக வாசிப்பது, சிவப்பு எழுத்தில் இருக்கிற குறிப்பையும் சேர்த்து வாசிப்பது, "முதல் வாசகம்" என்று அறிவிப்பது போன்றவற்றை எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## வேறு ஆண்டைத் திறந்து வைப்பது

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்று. முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் அதற்குப் பிந்தைய பாஸ்கா காலத்திலும் அவர் அதிகம் வருவார். 1969 திருவருகைக் காலத்திலிருந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் வரும் காலம்) இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. எந்த ஆண்டு என்பதற்கு நாள்காட்டியைத் தேடவேண்டியதில்லை. வருடத்தை மூன்றால் வகுத்து மீதி வராவிட்டால் மூன்றாம் ஆண்டு, மீதி ஒன்று வந்தால் முதல் ஆண்டு, இரண்டு வந்தால் இரண்டாம் ஆண்டு. 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதல் ஆண்டு.

வம்பு எங்கே வருகிறது என்றால், திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. திருவருகைக் காலத்து முதல் ஞாயிறே புத்தாண்டு. 2026க்குரிய முதல் ஆண்டு 2025 நவம்பர் 30 அன்றே தொடங்கிவிட்டது. இது தெரியாமல் ஒரு நவம்பர் கடைசியில் நான் வாசக நூலில் பழைய ஆண்டையே திறந்து வைத்துவிட்டேன். எரேமியா வரவேண்டிய இடத்தில் எசாயா வந்தார். சாமியார் மறையுரை (பிரசங்கம்) முழுவதையும் எரேமியாவின் "நீதியின் தளிர்" மேல் கட்டியிருந்தார் போல. என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏசவில்லை.

வாரநாள் வாசகங்கள் வேறு கணக்கு: ஒற்றைப்படை ஆண்டு, இரட்டைப்படை ஆண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

## வாசலில் ஆள் பிடிப்பது

இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

நான் பொறுப்பாளரான முதல் வருடம். தூய ஆவியார் பெருவிழா எங்கள் முறையில் வந்தது. முதல் வாசகத்துக்குச் சொல்லிவைத்திருந்த கல்லூரிப் பையன் வரவில்லை. ஆறு ஐம்பதுக்கு அவன் அம்மா வந்து, "அவனுக்குக் காய்ச்சல்" என்றார். வாசலைப் பார்த்தேன். எங்கள் அன்பியத்து அண்ணாச்சி ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில் படியேறி வந்துகொண்டிருந்தார். கொத்தனார் வேலை பார்த்து ஓய்ந்தவர். கணீரென்ற குரல். அன்பியக் கூட்டத்தில் செபமாலையைத் தொடங்குவது அவர்தான். மாதா மன்றாட்டு மாலையைத் தாளே இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிப்பார். இவரை விட்டால் யார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, முதல் வாசகம் நீங்க வாசிச்சிருங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே தம்பி."

"எழுத்து பெருசாத்தான் இருக்கு அண்ணாச்சி. சமாளிச்சிரலாம்."

இன்னொருமுறையும் வேண்டாம் என்றார். சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். நான் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

அந்தப் பெருவிழாவின் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரம். பார்த்தர், மேதியர், எலாமியர் என்று ஊர்ப்பெயரும் இனப்பெயருமாக வரும். ஒத்திகை பார்க்காமல் போனால் நானே கப்பதோக்கியாவில் தடுக்கி விழுந்து பம்பிலியாவில்தான் எழுந்திருப்பேன். அதனால் அண்ணாச்சி வாசக மேடையில் குனிந்து நின்றபோது பெயர்களைப் பார்த்துத் தயங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் விரல் முதல் வரியிலேயே இருந்தது. நகரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று வாசித்தாள். அவள் முடிக்கும்வரை அவர் இறங்கவில்லை, நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இறைவா உமக்கு நன்றி" என்று எல்லாரும் சொன்னதும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. மன்றாட்டு மாலையை ஏன் தாள் இல்லாமல் சொல்வார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். வெயிலைப் பற்றிப் பேசினோம். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோது, "கண்ணாடிதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார். நானும் "ஆமா அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் கோயிலுக்கு வரவில்லை. ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்துப் பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போகிறார். அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டு மாலையை இப்போது நாங்கள் தாள் பார்த்துச் சொல்கிறோம்.

இதைப் புதுப் பொறுப்பாளர்களிடம் சொன்னால், "அவசரத்துக்கு என்ன செய்யச் சொல்றீங்க?" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அந்த அவசரத்தை நாமே புதன்கிழமையிலிருந்து வளர்த்து வைத்திருக்கிறோம். திருப்பலி (பூசை) நூலின் விதிமுறை, நியமனம் பெற்ற வாசகர் இல்லாதபோது பொதுநிலையினர், அதாவது நம்மைப் போன்ற சாதாரண மக்கள், வாசிக்கலாம் என்கிறது. அதே மூச்சில், அவர்கள் உண்மையிலேயே தகுதியானவர்களாகவும் கவனமாகத் தயாரிக்கப்பட்டவர்களாகவும் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. மணி அடித்த பிறகு யாரையும் தயாரிக்க முடியாது.

நான் இப்போது செய்வது இது. புதன் இரவுக்குள் வாசகத் தாள் வீடு போய்ச் சேர்ந்துவிடும். சனி மாலை கோயிலிலேயே, மைக் போட்டு, ஒருமுறை வாசிக்கவைப்பேன். ஒவ்வொரு வாசகத்துக்கும் மாற்று ஆள் உண்டு, அவரும் சனிக்கிழமை வரவேண்டும். இருவரும் வராவிட்டால் நானே வாசிப்பேன். அன்றைக்கும் நானே வாசித்திருக்கலாம். எல்லாவற்றையும் தானே செய்கிறான் என்று பேர் வந்துவிடுமோ என்று தயங்கினேன், அவ்வளவுதான்.

கேட்கிற விதத்தையும் மாற்றிக்கொண்டேன். கூட்டத்தில் "யார் வாசிக்கிறீங்க?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதில்லை. வரவேற்பு, வாசகம், மன்றாட்டு, காணிக்கைப் பவனி, காணிக்கை எடுப்பது, பூ வைப்பது என்று எல்லா வேலையையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, எதில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறேன். வாசிக்கத் தெரியாதவர் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் பூவை எடுத்துக்கொள்வார். யாராவது கண்ணாடி இல்லை, தொண்டை கட்டியிருக்கிறது என்றால் சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

## முன்னுரை என்ற பெயரில் மறையுரை

வாசகம் எட்டு வரி, அதற்கு முன்னுரை இருபது வரி. "அன்பார்ந்த இறைமக்களே" என்று தொடங்கி விமானம், கணினி, உலகமயமாதல் எல்லாம் வந்துபோகும். கடைசியில் வாசகத்தின் கதையையும் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் வாசகர் எதற்கு? மூன்று வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள். அதையும் வாசக மேடையில் நின்று சொல்லாதீர்கள். அந்த மேடை வாசகங்களுக்கும் பதிலுரைப் பாடலுக்கும் ஈஸ்டர் இரவில் பாடுகிற பாஸ்கா புகழுரைக்கும் உரியது. மறையுரையும் மன்றாட்டும் அங்கிருந்து சொல்லலாம். முன்னுரை சொல்கிற விளக்கவுரையாளருக்கு அங்கே இடமில்லை.

## பதிலுரைப் பாடலுக்குப் பதில் வேறு பாட்டு

அது முதல் வாசகத்தோடு பொருந்துகிற திருப்பாடல். பாடகர் குழுவுக்கு நன்றாக வருகிற பாட்டைப் போடுகிற இடமல்ல. மெட்டு தெரியாவிட்டால் வாசித்துவிடுங்கள், பல்லவியை மட்டும் மக்கள் சொல்லட்டும்.

## மன்றாட்டில் வழக்குத் தீர்ப்பது

"எங்கள் பங்குப் பேரவையினருக்கு நல்ல புத்தியைத் தந்தருளும்" என்று ஒருவர் மன்றாடியதை நேரில் கேட்டிருக்கிறேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பாதிக் கோயில் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னது. பேரவைச் செயலர் முன்வரிசையில் இருந்தார். திருச்சபை, நாடுகளை ஆள்வோர், துன்புறுவோர், நம் பங்கு என்ற வரிசையில் எழுதுங்கள். சனிக்கிழமை வேறு ஒருவரிடம் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

## காணிக்கைப் பவனியில் கால்பந்து

கால்பந்து, கம்ப்யூட்டர் விசைப்பலகை, உலக உருண்டை எல்லாம் போகும். பூசை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். அப்பமும் இரசமும் போகட்டும். ஏழைகளுக்குக் கொடுக்க அரிசி போகட்டும்.

## போனைப் பார்த்து வாசிப்பது

கூடாது.

## மைக்

ஊதிப் பார்க்காதீர்கள், தட்டியும் பார்க்காதீர்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அஞ்சரை மணிக்கே பார்த்துவிட்டார்.