வென்றாலும் விடாத தவறுகள்: ஃப்ளோரிடாவில் நீதிபதித் தேர்தலில் நிற்கும் வழக்கறிஞர்களுக்கு

ஃப்ளோரிடாவில் தாம்பா நகரம் இருப்பது ஹில்ஸ்பரோ கவுன்டியில் (கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு). 2009இல் அங்கே லனெல் வில்லியம்ஸ்-யூலி என்ற வழக்கறிஞர் கவுன்டி நீதிபதித் தேர்தலில் நிற்க முடிவு செய்தார். தேர்தல் என்றால் யாரும் முதலில் செய்வதையே அவரும் செய்தார். தன்னைப் பற்றிச் சொல்லி, 25, 50, 100, 250, 500 டாலர் என்று தொகைகளைக் குறிப்பிட்டு, ஆரம்ப நன்கொடை தந்து உதவும்படி கேட்டு ஒரு கடிதம் எழுதினார். தன் கையெழுத்துடன் அதைத் தபாலில் அனுப்பினார். இணையதளத்திலும் போட்டார்.

தேர்தலில் அவர் தோற்றார். விஷயம் அதோடு முடியவில்லை. மாநில வழக்கறிஞர் அமைப்பான ஃப்ளோரிடா பார் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. பகிரங்கக் கண்டனமும், செலவுத் தொகையாக 1,860 டாலரும் விதிக்கப்பட்டன. அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. வாக்குச்சீட்டு வழியாகப் பதவிக்கு வந்தாலும் நீதிபதிகள் அரசியல்வாதிகள் அல்லர் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதில் எழுதினார்.

நீதிபதித் தேர்தலில் நிற்க நினைக்கும் வழக்கறிஞர் முதலில் படிக்க வேண்டியது இந்த வழக்கைத்தான். கவுன்சிலர் பதவிக்கு நிற்பவர் செய்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு செயல், நீதிபதி பதவிக்கு நிற்பவர் செய்தால் குற்றமாகிறது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நீதிபதியாக நடந்துகொள்ள வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஃப்ளோரிடாவின் நீதித்துறை நடத்தை விதிகளில் ஏழாவது பகுதி, வேட்பாளர் ஆன நாளிலிருந்தே உங்களைப் பிடித்துக்கொள்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று, பிரச்சாரப் பொருளாளரை நியமித்த பத்து நாளுக்குள் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திடுவதுதான் பெரும்பாலான மற்ற தவறுகளுக்கு வேர்.

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி ஆவதற்குத் தேர்வு எழுத வேண்டும். மக்களிடம் வாக்குக் கேட்டு நீதிபதி ஆவது நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு. ஃப்ளோரிடாவில் விசாரணை நீதிமன்றங்கள் இரண்டு அடுக்கு: கவுன்டி நீதிமன்றம், அதற்கு மேல் சர்க்யூட் நீதிமன்றம். இரண்டுக்குமே கட்சி சாராத தேர்தல், ஆறு ஆண்டுப் பதவிக்காலம். சர்க்யூட் நீதிபதி ஆவதற்கு ஐந்து ஆண்டு ஃப்ளோரிடா பார் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். மிகச் சிறிய கவுன்டிகள் நீங்கலாக, கவுன்டி நீதிபதிக்கும் அதே நிபந்தனைதான்.

பணம் கேட்கும் வாய்

வேட்பாளர் தன் வாயால், தன் கையெழுத்தால் நன்கொடை கேட்கக் கூடாது. பொறுப்பானவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தால் அந்தக் குழு கேட்கலாம். குழு நடத்தும் விருந்துக்கு வேட்பாளர் வரலாம், பேசலாம், கை குலுக்கலாம். கொடுத்தவர்களுக்கு நன்றிக் கடிதமும் எழுதலாம். கேட்பது மட்டும் கூடாது. இது வெறும் சடங்கு என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளை உங்கள் முன் வழக்காடப் போகும் ஒரு வழக்கறிஞரிடம் நீங்களே நேரில் கேட்டால், அவரால் மறுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வேறொருவர் கேட்டால் "பார்க்கலாம்" என்று நழுவ அவருக்கு இடம் இருக்கிறது.

இதைவிட அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. சக வழக்கறிஞரிடம் "எனக்கு ஆதரவு என்று வெளிப்படையாக அறிவியுங்கள்" என்று வேட்பாளர் தானே கேட்பதற்கும் இதே விதியில் தடை இருக்கிறது. அதையும் குழுதான் கேட்க வேண்டும். பத்தாண்டுகளாக ஒரே நீதிமன்ற வராந்தாவில் நின்று பேசிய நண்பராயிற்றே என்று கேட்டுவிடுவார்கள். நட்புக்கு என்று விதியில் விலக்கு இல்லை.

அமெரிக்காவில் வாழும் நம் தமிழர்களுக்கு என்று தனியாகச் சில ஆபத்துகள் உண்டு. ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் வீட்டில் முப்பது பேர் கூடியிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்து காபி வருகிறது. உங்களைத் தம்பி என்று அழைக்கும் ஒரு பெரியவர், "நம்ம பிள்ளை நிற்கிறான், எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள்" என்கிறார். உடனே நாலு பேர் காசோலைப் புத்தகத்தை எடுக்கிறார்கள். நீங்கள் நெகிழ்ந்து கை நீட்டினால் போச்சு. "பொருளாளரிடம் பேசுங்கள்" என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். பெரியவர் முகம் சுருங்கினாலும் பரவாயில்லை, பிறகு விளக்கிக்கொள்ளலாம்.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் எச்1பி விசாவில் இருப்பவர்களாக இருக்கலாம். அவர்கள் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும்தான் தேர்தல் நன்கொடை தரலாம். கூட்டாட்சிச் சட்டத்தின் இந்தத் தடை உள்ளூர்த் தேர்தலுக்கும் பொருந்தும். "மாநில நீதிபதித் தேர்தல்தானே, வாஷிங்டனுக்கு என்ன வந்தது" என்ற பேச்சு செல்லாது. கொடுத்தவருக்கும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல். விசாவில் இருப்பவரை அந்த நிலையில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் பெரிய தீங்கு. சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக உழைக்க அவருக்குத் தடை இல்லை. அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். தர உரிமை உள்ளவர்களுக்கும் வரம்பு இருக்கிறது: ஒரு தேர்தலுக்கு ஒருவர் 1,000 டாலர், ரொக்கமாக என்றால் 50 டாலருக்கு மேல் கூடாது.

தமிழ்ச் சங்கத்தையும் இதில் இழுக்காதீர்கள். அமெரிக்காவில் உள்ள சங்கங்கள் பல வரிவிலக்குப் பெற்ற அறநிலை அமைப்புகளாகப் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. பொங்கல் விழா மேடையில் தலைவர் உங்கள் கையை உயர்த்திப் பிடித்தால், அடி வாங்கப் போவது சங்கத்தின் வரிவிலக்கு.

வாக்குறுதி தராத வேட்பாளர்

எல்லாத் தேர்தலிலும் வேட்பாளருக்கு வாக்குறுதிதான் மூலதனம். இங்கே அதுவே கண்ணி. நீதிமன்றத்தின் முன் வரக்கூடிய வழக்குகளில் இப்படித்தான் தீர்ப்புச் சொல்வேன் என்று உறுதி தருவது விதிமீறல். சர்ச்சைக்குரிய சட்டப் பிரச்சினைகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை வேட்பாளருக்கு உண்டு என்று, மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்டு எதையும் பேசலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கருத்துச் சொல்வது வேறு, கை அடித்துக் கொடுப்பது வேறு.

எஸ்காம்பியா கவுன்டியில் தேர்வான பட்ரீஷியா கின்சியின் பிரச்சாரத் துண்டறிக்கையில் அவர் காவலர்களுடன் நின்ற படம் இருந்தது. அவர்களுக்குத் துணை நிற்கப்போவது நான்தான் என்பது அதன் தொனி. 2003இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குக் கண்டனத்தோடு 50,000 டாலர் அபராதமும் விதித்தது. மனாட்டி கவுன்டியில் வென்ற மேத்யூ மெக்மில்லன் மீது வந்த குற்றச்சாட்டுகளில், அரசுத் தரப்புக்கும் காவல்துறைக்கும் சாதகமாக இருப்பேன் என்ற வகையில் அவர் பிரச்சாரத்தில் பேசியதும் ஒன்று. 2001இல் அவர் பதவி பறிபோனது. மேடையில் காவல்துறையைப் புகழ்ந்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தக் காவல்துறை பிடித்து வந்த ஒருவர் நாளை உங்கள் எதிரில் நிற்கும்போது, நீங்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

என்னை மிகவும் பாதித்தது டேனா சான்டினோவின் வழக்கு. 2016இல் பாம் பீச் கவுன்டியில் நின்றார். எதிர்த்து நின்றவர் குற்றவியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர். அவர் கொலைகாரர்களுக்கும் பாலியல் குற்றவாளிகளுக்கும் வாதாடுகிறவர் என்பதையே சான்டினோ தரப்பினர் பிரச்சாரமாக்கினார்கள். அதற்கென்று ஒரு ஃபேஸ்புக் பக்கம்கூட இருந்தது. சான்டினோ வென்றார், பதவி ஏற்றார், வழக்குகளை விசாரித்தார். 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வேண்டும் என்பது அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது திருத்தம் தந்த உரிமை. அந்த உரிமையைத் தாங்கிப் பிடிப்பவரை, அதைத் தாங்கிப் பிடித்ததற்காகவே இழிவுபடுத்திய ஒருவர், பிறகு எந்த முகத்தோடு ஒரு கைதியிடம் "உங்களுக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது" என்று சொல்வார்? வழக்கறிஞராக இருந்துகொண்டு இதைச் செய்வது, தன் தொழிலின் அடித்தளத்தையே மண்வெட்டியால் வெட்டுவதாகும். பிரச்சார ஆலோசகர் எழுதிக் கொடுத்தார், நான் கவனிக்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது. உங்கள் பெயரில் வெளியாகும் ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்து ஒப்புதல் தர வேண்டும்.

எதிராளியைப் பற்றிச் சரிபார்க்காத தகவலைப் பரப்புவதும் இதே வகைதான். பதவியில் இருந்த சர்க்யூட் நீதிபதி ஸ்காட் டூபாண்ட், மறுதேர்தல் பிரச்சாரத்தில் எதிராளிமீது பொய்யான குற்றச்சாட்டுகளை வெளியிட்டார் என்ற வழக்கில் அதே 2018இல் பதவி இழந்தார்.

கட்சிப் பெயரையும் உச்சரிக்க வேண்டாம். நீங்கள் ஒரு கட்சியில் பதிவு செய்துகொண்டு வாக்களிக்கலாம்; அந்தக் கட்சிக்காரன் என்று சொல்லி வாக்குக் கேட்கக் கூடாது. வேறு வேட்பாளருக்கு ஆதரவாகப் பேசவும் கூடாது.

பலகையில் ஒரு சிறு சொல்

வீட்டு முன் புல்வெளியில் நடும் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெரிய எழுத்தில் உங்கள் பெயர், கீழே ‘கவுன்டி ஜட்ஜ்’. பார்க்க அழகாக இருக்கிறது, காரில் போகிறவர்கள் ஒரே பார்வையில் படித்துவிடலாம். அதில் ஒரு சொல் குறைகிறது: பெயருக்கும் பதவிக்கும் நடுவே ‘ஃபார்’ (for). தற்போது பதவியில் இல்லாத வேட்பாளர் அந்தச் சொல்லைக் கட்டாயம் போட வேண்டும் என்பது ஃப்ளோரிடா தேர்தல் சட்டம். இல்லாவிட்டால் நீங்கள் ஏற்கெனவே நீதிபதி என்று மக்கள் நினைத்துவிடுவார்களாம். காரில் ஒட்டும் ஸ்டிக்கருக்கும் சட்டையில் அணிவதற்கும் மட்டும் விலக்கு. ஐந்நூறு பலகை அச்சாகி வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அத்தனையும் வீண். அச்சகத்துக்கு அனுப்பும் முன் இந்த ஒரு சொல்லை விரல் வைத்துப் பாருங்கள்.

அனுபவத்தை ஊதிப் பெருக்குவதும் இந்தப் பலகையின் உறவுதான். ஜான் ரென்கி என்பவர் 2002இல் சர்க்யூட் நீதிபதியாக வென்றார். தன் அனுபவத்தையும் வகித்த பொறுப்பையும் மிகைப்படுத்திக் காட்டினார், தந்தையின் சட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெரும் தொகையைத் தன் சொந்தப் பணம் போலப் பிரச்சாரத்தில் இறக்கினார் என்று முடிவாகி, 2006இல் நீக்கப்பட்டார். நீங்கள் நடத்திய விசாரணைகள் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்றே எழுதுங்கள்.

ஆகஸ்டில் முடிந்துவிடும் தேர்தல்

தேர்தல் என்றால் நவம்பர் என்று மனத்தில் பதிந்திருக்கிறது. ஃப்ளோரிடாவில் நீதிபதித் தேர்தலின் முதல் சுற்று ஆகஸ்டில், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலோடு நடக்கிறது. இரண்டே பேர் போட்டி என்றால் அன்றே முடிந்தது. மூன்று பேர் நின்று யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால்தான் நவம்பர். 2026இல் அந்த நாள் ஆகஸ்டு 18. தபால் வாக்குச்சீட்டுகள் தேர்தலுக்கு 40 முதல் 33 நாள் முன்பே வாக்காளர்களுக்குப் புறப்பட்டுவிடும், அதாவது ஜூலை நடுவில். ஆகஸ்டில் சூடு பிடிக்கலாம் என்று காத்திருந்தவர், வாக்குகள் விழுந்த பிறகு பிரச்சாரம் தொடங்குகிறார்.

இதோடு ஒட்டிய இன்னொரு இழப்பு. எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் ஃப்ளோரிடாவில் 30 லட்சத்துக்கும் மேல். முதல்நிலைத் தேர்தல் கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து அவர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நீதிபதித் தேர்தலில் அவர்களும் வாக்களிக்கலாம். இதை வீடு வீடாகச் சொல்லும் வேட்பாளருக்கு, மற்றவர் கண்ணில் படாத வாக்குகள் கிடைக்கும். புதிதாகக் குடியுரிமை பெற்ற நம் குடும்பங்களில் கட்சி சேராதவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

வேட்புமனு அதற்கும் வெகு முன்னால். 2026க்கு ஏப்ரல் 20 நண்பகல் தொடங்கி 24 நண்பகலோடு முடிவு. கவுன்டி நீதிபதி என்றால் கவுன்டி தேர்தல் அலுவலகத்தில், சர்க்யூட் என்றால் மாநிலத் தலைநகர் டாலஹாசியில் மனுச் செய்ய வேண்டும். கட்டணம் அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 4 சதவீதம். பல ஆயிரம் டாலர் ஆகும். தேர்தலில் நல்ல வாக்கு வாங்கினால் நம் ஊர் டெபாசிட் போலத் திரும்பி வரும் பணம் இல்லை இது. பிரச்சாரக் கணக்கிலிருந்து எழுதிய காசோலையாகவும் இருக்க வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர் போதிய வாக்காளர் கையெழுத்துத் திரட்டித் தரலாம். அதற்குப் பல மாதம் முன்பே இறங்க வேண்டும். ஒவ்வொரு நீதிபதி இடமும் எண்ணிட்ட ஒரு பிரிவு; எதில் நிற்கிறீர்கள் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று கடைசி நாள் வரை தினமும் பாருங்கள். எதிர்ப்பே இல்லாவிட்டால் வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் வராமலேயே நீங்கள் வென்றவர் ஆவீர்கள். அதனால்தான் கடைசி மணி நேரத்தில் பிரிவு மாறி வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

தோற்றுப்போனால் அடுத்த திங்கட்கிழமையே, நீங்கள் எதிர்த்து நின்ற அதே நீதிபதியின் முன் உங்களை அமர்த்திய வழக்காளிக்காக வாதாட எழுந்து நிற்க நேரலாம். பிரச்சாரத்தில் அவரைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்பது இருவருக்கும் அப்போது நினைவுக்கு வரும். முப்பது நாளுக்குள் பலகைகளைப் பிடுங்கிவிடுங்கள், தொண்ணூறு நாளுக்குள் மிச்சப் பணத்துக்குக் கணக்குத் தீர்த்து அறிக்கை கொடுத்துவிடுங்கள்.