கீமோ நடக்கும்போது கசாயம் குடிக்கலாமா?

வீட்டுக்கு வந்து சேர்ந்த மூலிகை, பொடி, குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்க. முதல் வேலை அதுதான். அம்மாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் என்றதும் ஆரையம்பதி முழுக்க எங்களுக்கு மருந்து தந்தது. மச்சாள் மஞ்சள் குளிசை, பெரியம்மா பரியாரி கட்டின சரக்கு. அன்பில் வந்தவைதான். ஆனாலும் ஒவ்வொன்றின் பெயரையும் கிளினிக் கொப்பியில் எழுதி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் டொக்டரிடம் காட்டின பிறகுதான் அம்மாவின் வாய்க்குள் எதுவும் போனது.

கறிக்குப் போடும் மஞ்சள், மிளகு பற்றிப் பயம் வேண்டாம். குளிசை வேறு கதை. மஞ்சளின் குர்குமின் உடம்பில் சரியாகச் சேராது என்று, பல குளிசைகளில் மிளகின் பைப்பரினையும் கலக்கிறார்கள். ஈரல் சில மருந்துகளை உடைக்கும் வேகத்தைப் பைப்பரின் குறைக்கும். அதனால் கீமோ மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கக்கூடும். டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்கவேணும். அந்த மருந்தே யூ மரத்து இலையிலிருந்து எடுத்த பொருளில் செய்வதுதான், ஆனால் அளவு தெரிந்து கொடுக்கிறார்கள். கசாயத்தில் அந்த அளவு யாருக்குத் தெரியும்?

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றினால் சிறுநீரகத்தைக் காக்கவேணும். ஆடுதின்னாப்பாளை, பெருமருந்து என்ற மூலிகைகள் சேர்ந்த சரக்கைத் தொடவே வேண்டாம். அவற்றிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

கதிர்ச் சிகிச்சையில் வாய் புண்ணாகும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அடிக்கடி கொப்பளிக்க வையுங்க, விழுங்கக்கூடாது. புண்ணைத் தணிக்கத் தேன் உதவும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. சீனி வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க, பல்லும் பழுதாகும். உறைப்பு, புளி வேண்டாம். அம்மாவுக்கு ஆறின கஞ்சியும் எருமைத் தயிரும்தான் இறங்கின.

பாக்கும் தாவரம்தான். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாகச் சொல்லியிருக்கு. "ஒரு வாய் மட்டும் புள்ள" என்று அம்மா கேட்டபோதும் நான் கொடுக்கவில்லை.

கீமோக் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு இருக்காதீங்க. இரவென்றாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்க, கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு.