களிமண்ணில் ஒரு சீ ஸ்குவர்ட் கரு

சிங்கப்பூரின் சாங்கி பக்கம் கடல் வற்றும்போது பாறையடியிலும் படகுத்துறைக் கயிறுகளிலும் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதுதான் சீ ஸ்குவர்ட். பார்த்தால் விலங்கு என்றே தோன்றாது. ஆனால் முதுகெலும்பில்லாத உயிர்களில் நமக்கு மிக நெருங்கிய சொந்தம் இதன் கூட்டம்தான். இதன் லார்வாவுக்குத் தலைப்பிரட்டை மாதிரி வாலும் அதற்குள் முதுகுநாணும் (முதுகெலும்புக்கு முன்னோடியான தண்டு) உண்டு. 1866லேயே ரஷ்யக் கருவியலாளர் கோவலேவ்ஸ்கி இதைக் காட்டிவிட்டார்.

ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் சியோனா என்ற சீ ஸ்குவர்ட் வகை குளிர்ந்த கடல்காரர்; நம்மூர்ச் சூடு ஒத்துவராது. கடற்கரையில் இருப்பதைப் பிடுங்கி வரவும் வேண்டாம். இதன் கரு எப்படிப் பிரிகிறது என்று செய்து பார்க்க, புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் வெள்ளை, மஞ்சள் களிமண் வாங்கினால் போதும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. வெள்ளையில் எலுமிச்சை அளவு உருண்டை பிடியுங்கள். இதுதான் கருவுற்ற முட்டை. கீழ்ப்பாதியில், ஒரே பக்கமாக, மஞ்சளைப் பிறை வடிவில் பதியுங்கள். அந்தப் பக்கம்தான் பின்பக்கம். மேல்பாதிக்கு மஞ்சள் ஏறினால் பிறகு கணக்கு தப்பும். (இந்த மஞ்சள் கற்பனை இல்லை. ஸ்டைலா என்ற இன்னொரு சீ ஸ்குவர்ட் வகையின் முட்டையில் இயல்பாகவே உண்டு. அதைப் பின்தொடர்ந்துதான் எந்த செல் எதுவாகிறது என்று அமெரிக்கக் கருவியலாளர் கான்க்ளின் 1905ல் எழுதினார்.)

2. பிறையின் நடுவில் மேலிருந்து கீழாக வெட்டுங்கள். கத்தி மஞ்சளை வெள்ளையில் இழுத்துவிடும். தையல் நூலை விறைப்பாகப் பிடித்து அறுப்பதே நல்லது. இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டிலும் மஞ்சள்.

3. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முதல் வெட்டுக்குக் குறுக்கே மறுபடி மேலிருந்து கீழாக. நான்கு செல். பின்னாலுள்ள இரண்டில் மட்டும் மஞ்சள்.

4. இப்போது படுக்கைவாட்டில். எட்டு செல். மஞ்சள் கீழே, பின்னால் உள்ள இரண்டில் மட்டும்.

சரி, அந்த இரண்டை மட்டும் கையில் எடுங்கள். சியோனா லார்வாவின் வாலில் இருப்பது 36 தசை செல்கள்தான். அதில் 28 இந்த ஜோடியின் வாரிசுகள். மீதி எட்டு வேறு செல்களிலிருந்து வருகின்றன. இப்படி ஒவ்வொரு செல்லுக்கும் பரம்பரை சொல்ல முடிவதால்தான் கருவியல்காரர்கள் இதை விடுவதில்லை. மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது என்பது 2001ல்தான் பிடிபட்டது: தாய் முட்டையிலேயே வைத்துவிடும் மாச்சோ-1 என்ற ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு). ஜப்பானிய ஆய்வாளர்கள் நிஷிதாவும் சவாதாவும் அதை நீக்கியபோது இந்தத் தசைகள் உருவாகவில்லை. வேறு செல்களில் செலுத்தியபோது அங்கேயும் தசை வந்தது.

5. அப்புறம், இரண்டாம் படிக்குத் திரும்பி, இன்னோர் உருண்டையை இரண்டாக்கி ஒரு பாதியைத் தள்ளி வையுங்கள். 1887ல் பிரெஞ்சு ஆய்வாளர் ஷாப்ரி செய்தது ஏறக்குறைய இதுதான்: சீ ஸ்குவர்ட் கருவின் இரண்டு செல்களில் ஒன்றைக் கொன்றார். மிஞ்சியது பாதிக் கருவாகத்தான் வளர்ந்தது. ஆனால் கடல் முள்ளெலி (சீ அர்ச்சின்) கருவில் இந்தக் கட்டத்தில் செல்களைப் பிரித்தால் ஒரு செல்லே முழு லார்வாவாகிவிடும், அளவில் மட்டும் சிறியதாக.