காட்டுமாட்டுக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு

கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காட்டுமாட்டைப் படமெடுக்கப் போனால், கேமராவைத் தூக்கும் முன் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நிமிர்த்தி அதன் மேல் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் நிற்கும் மாடு விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால் மெதுவாகப் பின்வாங்குங்கள். நீட்டிய கையில் விரலின் அகலம் கண்ணுக்குச் சுமார் 2 டிகிரி கோணம், 3 மீட்டர் உடம்பு அதற்குள் அடங்க ஏறக்குறைய 85 மீட்டர் இடைவெளி வேண்டும். ஜூம் லென்ஸில் கண்ணை வைத்தபடி நடந்தால் தூரமே பிடிபடாது. அப்புறம், அது தன் உடம்பை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி விறைத்து நிற்பது படத்துக்கு அருமையாக இருக்கும், ஆனால் அது மிரட்டல். நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மாட்டுக்கும், 20 அடிக்கு மேல் எதுவும் தெரியாத சோலைக்காட்டுக்கும் இந்தக் கணக்கு உதவாது. கன்றோடு இருந்தால் இதைவிடத் தள்ளியே நில்லுங்கள்.