ரஷ்ய எனாமல் கரண்டி வாங்குவது எப்படி? பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஜார் காலத்து வெள்ளி எனாமல் கரண்டிகளைப் படத்தில் பார்த்தாலே வாங்கத் தோன்றும். நீலமும் வெள்ளையும் கலந்த அந்தப் பூவேலை அப்படி இழுக்கும். விலை பேசுமுன் கரண்டியைத் திருப்புங்கள்.

படி 1: முத்திரை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான். காம்பின் பின்புறத்தில் 84 என்ற எண் தெரிகிறதா? பழைய ரஷ்யக் கணக்கில் சுத்த வெள்ளி என்றால் 96 ஸோலோட்னிக் (அந்தக் கால எடை அலகு). 84 என்றால் ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளி.

பக்கத்திலேயே கோகோஷ்னிக் என்ற தலையணியோடு ஒரு பெண் முகம் இருக்கலாம். அந்த முகம் இடப்பக்கம் பார்த்தால் கரண்டியின் காலம் 1899 முதல் 1908 வரை; வலப்பக்கம் பார்த்தால் அதற்குப் பிறகு. அதற்கும் பழையது என்றால் நகரச் சின்னம் இருக்கும்: மாஸ்கோவுக்குக் குதிரை மேல் புனித ஜார்ஜ்.

ஒவ்சின்னிகோவ், க்ளெப்னிகோவ், ருக்கெர்ட் போன்ற புகழ்பெற்ற வெள்ளி வேலைக்காரர்களின் பெயர்கள் இருந்தால் உடனே மகிழ வேண்டாம். போலி செய்பவர்களுக்கும் பிடித்த பெயர்கள் இவை. உளியால் குத்திய முத்திரையின் ஓரம் கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்த போலியில் அது மழுங்கி, பொடிக்குழிகளோடு தெரியும். கரண்டிக் குழி தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் புத்தம் புதிதாக மின்னினாலும் சந்தேகப்படுங்கள்.

படி 2: எனாமல்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முறுக்கிய வெள்ளிக் கம்பியை வளைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பற்றவைத்து, கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் சுடுவார்கள். தூள் உருகினால் மட்டம் இறங்கும். மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும். கரண்டியை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். எல்லா அறையும் ஒரே மாதிரி பளபளத்தால் நல்லது. ஓர் இதழ் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், உடைந்த இடத்தில் பிசின் பூசியிருக்க வாய்ப்புண்டு. நகத்தால் மெதுவாக வருடினால் விரிசலும் சிக்கும்.

படி 3: எதில் தொடங்குவது?

சோவியத் காலத்துக் காபிக் கரண்டிகளில் தொடங்குங்கள் என்பேன். நட்சத்திரத்துக்குள் அரிவாள் சுத்தியல், பக்கத்தில் 875 அல்லது 916 இருக்கும். அந்த நட்சத்திர முத்திரை 1958-இல் வந்தது. ஜார் காலத்துக் கரண்டியைவிட விலை குறைவு, கண்ணும் பழகும். ரஷ்யாவிலேயே வாங்குவதானால், நூறு வருடம் தாண்டிய பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 4: பராமரிப்பு

எனாமல் என்பது கண்ணாடி. வெந்நீர், வெள்ளி கழுவும் திரவம் இரண்டும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.