பெரிய பகா எண்களில் பலரும் சறுக்கும் இடங்கள்

2147483647. 2³¹-ஐ விட ஒன்று குறைவான எண். இது பகா எண் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் நிறுவினார், வெறும் காகிதக் கணக்கில். இதன் வர்க்கமூலம் 46,341-க்குள் அடங்கிவிடுகிறது. அதைத் தாண்டி ஒரு எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அதற்குள்ளும், இதற்குப் பகாக் காரணி இருந்தால் அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். தேட வேண்டிய இடம் இப்படிச் சுருங்குவதுதான் எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் இதே மாதிரிப் பண்புகளைத் திருப்பிப் போட்டுப் படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 3-ஐ விடப் பெரிய பகா எண்ணை 6-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 5 வரும், சரி. அந்த மீதி வருவதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 25-க்கும் 35-க்கும் அதே மீதிதான். 2ⁿ − 1 பகா எண்ணாக இருக்க n பகா எண்ணாக இருந்தாக வேண்டும். அது மட்டும் போதாது: 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவியும் கணிதவியலாளருமான மெர்சென்னே இதில் தவறியிருக்கிறார். 1644-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 2⁶⁷ − 1 பகா எண்ணாக இடம்பெற்றது. அது பகு எண் என்று 1876-இல் கணிதவியலாளர் லூக்கா காட்டினார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே! 193707721 × 761838257287 என்று கணிதவியலாளர் கோல் பிரித்துக் காட்டியது 1903-இல்தான். ஆகவே 'காரணி எதுவும் சிக்கவில்லை, அதனால் பகா எண்' என்று முடிவு கட்டாதீர்கள். பகு எண் என்று அறிவதும் காரணிகளைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது மிகக் கடினம்.

வரிசையின் அழகை நம்புவதும் ஆபத்து. 31, 331, 3331 என்று தொடங்கி 33333331 வரை ஏழும் பகா எண்கள். அடுத்த 333333331 மட்டும் 17-ஆல் வகுபடும்.

அப்புறம் ஃபெர்மா சோதனை. p ஓர் ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2-இன் (p − 1)ஆம் அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1 வரும். 341-ஐ எடுங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. மீதி 1, ஆகவே 2³⁴⁰-க்கும் மீதி 1. ஆனால் 341 = 11 × 31. அடிமானத்தை 2-லிருந்து 3-க்கு மாற்றினால் 341 மாட்டிக்கொள்ளும். 561 போன்ற கார்மைக்கேல் எண்களோ, பகு எண்களாக இருந்தும், அவற்றோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்துக்கும் தப்பித்துவிடும். அதனால் நிரலில், இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்துங்கள். 2ᵖ − 1 வடிவ எண்ணுக்கு லூக்கா–லேமர் சோதனை ஐயமில்லாத விடை தரும்: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, மீதியை எடுத்துக்கொண்டே p − 2 முறை போக வேண்டும். 31-க்கு (2⁵ − 1, அதாவது p = 5) 4, 14, 8, 0. கடைசியில் 0 வந்தால் பகா எண்.

நிரல் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரணத் தசம வகை (double) மாறியில் 2⁶⁷ − 1-ஐப் போட்டால், 53 பிட்டுக்கு மேல் இடமில்லாததால் அது 2⁶⁷ ஆகவே பதிவாகும். கழித்த ஒன்று காணாமல் போய், ஒற்றைப்படை எண் இரட்டைப்படையாகி நிற்கும். பைத்தானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. ஆனாலும் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசம வகைக்குப் போய்விடும். வகுபடுகிறதா என்று பார்க்க % குறியைப் பயன்படுத்துங்கள்.