முகூர்த்த நேரத்தில் மண்டபம் புழுங்காமலிருக்க: வெப்பத்தைக் கணக்கிடும் முறை

கல்யாண மண்டபத்துக்கு ஏசி வாங்குபவர்கள் பலர் சதுர அடியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். வீட்டு அறைக்கு அது ஓரளவு பொருந்தும். நெருக்கமாக 500 பேர் அமரும் கூடத்தில் ஆட்களே பெரிய வெப்ப மூலமாகிவிடுவதால், தலைகளை எண்ணுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: முகூர்த்த வேளையில் உள்ளே இருக்கக்கூடியவர்களை மதிப்பிடுங்கள். இதற்கு அழைப்பிதழ்க் கணக்கு உதவாது. நாற்காலிகளை எண்ணி, ஓரங்களில் நிற்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. எனவே 500 பேருக்கு 50 கிலோவாட். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் என்பதால், ஆட்களுக்கு மட்டுமே 14 டன்னுக்கு மேல் தேவை. வெயிலேறிய கூரை, வீடியோ விளக்குகள், வெளிக்காற்று ஆகியவற்றைத் தனியே கூட்டுங்கள்.

படி 3: அந்த வெப்பத்தில் ஒரு பகுதி மூச்சாகவும் வியர்வையாகவும் நீராவி வடிவில் வெளியேறுகிறது. குளிரூட்டிய கூடத்திலேயே 500 பேர் மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் நீரைக் காற்றில் சேர்த்துவிடுவார்கள். வெப்பநிலை 28 பாகையாக இருந்தும் புழுக்கம் தணியாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் காட்டும் கருவியை, நடு வரிசையில், அமர்ந்தவரின் தலை உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஏசியின் வாயருகே வைத்தால் அது பொய் சொல்லும்.

படி 4: ஏசி இல்லாத மண்டபமானால் காற்றோட்டத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று ஒரு பாகை சூடேற ஏறக்குறைய 1.2 கிலோஜூல் போதும். கூடத்தின் வெப்பநிலை வெளியைவிட 4 பாகைக்கு மேல் ஏறாதிருக்க, 500 பேரின் 50 கிலோவாட்டை 1.2 × 4-ஆல் வகுத்தால், நொடிக்குச் சுமார் 10 கன மீட்டர் காற்று மாற வேண்டும் என்று கிடைக்கும். நீராவியாகப் போகும் பகுதியையும் இதில் சேர்த்திருப்பதால் விடை சற்றுத் தாராளமானது. ஆனால் தூசி படிந்த எக்ஸாஸ்ட் விசிறி அதன்மேல் எழுதியுள்ள அளவுக்கு இழுக்காது என்பதால் அந்தத் தாராளம் தேவைதான். விசிறிகளை உயரத்தில் பொருத்தி, காற்று நுழையும் திறப்புகளை எதிர்ப்புறம் தாழ்வாக விடுங்கள். அத்திறப்புகள் சமையற்கட்டை ஒட்டி இருந்தால் சாம்பாரின் ஆவியும் சேர்ந்தே வரும்.

படி 5: கூரை விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை விரைவாக உலர்த்துகிறது. ஹோமம் வளர்க்கையில் மணவறைக்கு மேலுள்ள விசிறியை நிறுத்திவிடுவார்கள். பட்டுடுத்தி விளக்கொளியில் அமர்ந்திருக்கும் மணமக்களுக்கு, தீயின்மேல் படாதவாறு பின்புறமிருந்து வீசும் நிலைவிசிறி ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள்.